கடை வாசலில் சொன்ன சாட்சி

ஊழியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவளிடம் கேட்டால் அவளுக்கு வேறு என்ன வேலை, எழுதத்தான் செய்வாள். பிரசங்கம் செய்வது எப்படி, வீடு சந்திப்பது எப்படி என்றெல்லாம் பயிற்சியில் படித்திருப்பீர்கள். அதற்குள் நான் போகவில்லை. நான் செய்த ஒரு பிழையை மட்டும் சொல்கிறேன். அந்தப் பிழையைச் செய்ய எங்களைப் போன்ற ஊழியக்காரரால்தான் முடியும். மற்றவர்களுக்கு அந்த வசதி கிடையாது.

நெடுங்கேணியைத் தாண்டிக் காட்டோரமாக இருந்த ஒரு கிராமத்தில் எங்களுக்கு ஒரு சிறிய சபை இருந்தது. தகரக் கூரை, அரைச்சுவர், இருபது குடும்பம். போதகர் வவுனியாவில் இருந்து மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் எல்லாம் நான்தான். ஊரில் எல்லோரும் என்னை 'சிஸ்டர்' என்பார்கள்.

மாதக் கடைசி ஞாயிறு சாட்சி ஞாயிறு. ஆண்டவர் தங்களுக்கு என்ன செய்தார் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். பரீட்சையில் பாஸான பிள்ளை, காட்டில் தொலைந்து திரும்பி வந்த மாடு, கிடைத்த வேலை, மாறிய காய்ச்சல். மின்சாரம் வந்தவுடன் நாங்கள் ஓர் ஒலிபெருக்கி வாங்கியிருந்தோம். உள்ளே சொல்வது சந்தி வரைக்கும் கேட்கும். கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆசையும். ஊரில் பாதிக்கு மேல் சைவக்காரர். வேதக்காரராகிய எங்களின் ஆண்டவர் என்னென்ன செய்கிறார் என்று அவர்களும் அறியட்டுமே என்று நினைத்தேன்.

அந்தச் சபையில் லெட்சுமி என்று ஒரு பெண் இருந்தார். லெட்சுமி என்ற பெயரிலேயே ஞானஸ்நானம் எடுத்தவர். லீதியாள் என்று மாற்றுவோமா என்று நான் கேட்டதற்கு, "இந்தப் பேரச் சொல்லித்தானே சிஸ்டர் அவரு இத்தன நாளா என்னையக் கூப்பிட்டாரு, இப்ப மாத்துனா கொழம்பிட மாட்டாரா?" என்றார். 'அவரு' என்று அவர் சொன்னது ஆண்டவரையா புருஷனையா என்று நான் கேட்கவில்லை. இருவருக்குமே பொருந்தும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

புருஷன் ராமையா. இருவரின் பெற்றோரும் மலையகத் தோட்டத்தில் இருந்து அடித்துத் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள். ராமையா அண்ணை தோட்டத்தில் கச்சான் கடலையும் பயறும் போடுவார். சைவம். நெற்றி நிறையத் திருநீறு. ஆனாலும் ஞாயிறு தவறாமல் மனைவியைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை வேலிக்கு வெளியே நிற்பார். உள்ளே வாருங்கள் என்று நான் கூப்பிடாத ஞாயிறு இல்லை. அவர் சிரித்துவிட்டு, "எனக்கு இங்கேயே நல்லாக் கேக்குது சிஸ்டர்" என்பார்.

அவருக்குக் கிட்னி வருத்தம். எங்கள் பக்கத்தில் அது இல்லாத தெரு குறைவு. மாதம் ஒருமுறை வியாழக்கிழமையில் வவுனியாவில் கிளினிக். ஒரு தடவை மிகவும் மோசமாகி வார்ட்டில் கிடந்தார். நாங்கள் சபையாக உபவாசம் இருந்து ஜெபித்தோம். அடுத்த கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. மருந்து பிடித்திருக்கிறது, தொடர்ந்து வாருங்கள் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். லெட்சுமி இதை அப்படியே வந்து என்னிடம் சொன்னார். நான் முதல் பாதியைத்தான் கேட்டேன்.

அந்த மாதச் சாட்சி ஞாயிறுக்கு வவுனியாவில் இருந்து எங்கள் சபைகளுக்கெல்லாம் பொறுப்பான மூத்த போதகரும் வேறு சபைகளின் ஆட்களும் வருவதாக இருந்தது. ஆராதனைக்கு முன் நான் லெட்சுமியைப் பக்கத்தில் கூப்பிட்டு, என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"அவருக்குக் கொஞ்சம் கொறஞ்சிருக்குன்னு சொல்லுறேன் சிஸ்டர்."

"கொஞ்சம் எண்டு சொன்னால் ஆண்டவருக்கு மகிமையும் கொஞ்சந்தானே லெட்சுமி? விசுவாசத்தோடை சொல்லுங்கோ. சுகமாக்கிப்போட்டார் எண்டு சொல்லுங்கோ."

அவர் என்னையே பார்த்தார். "அப்பிடிச் சொல்லலாமா சிஸ்டர்?"

"விசுவாசம் எண்டால் அதுதானே."

நான் சொன்னதாலேயே அவர் சொன்னார். இரண்டே வரி. சபை அல்லேலூயா என்று எழும்பியது. மூத்த போதகர் முன்வரிசையில் கையை உயர்த்தினார். ஒலிபெருக்கி தன் வேலையைச் செய்தது. அன்றைக்கு நான் தரையில் கால் படாமல் நடந்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கலர்ப் பென்சில் வாங்க நெடுங்கேணிக்குப் போயிருந்தேன். வியாழக்கிழமை காலை. சந்தைக் கொட்டிலின் பின்பக்கம் ஒரு மர வாங்கில் ராமையா அண்ணை பால் விடாத பிளேன்ரீயோடு இருந்தார். பக்கத்தில் ஷொப்பிங் பையில் சுற்றிய, மருந்து எழுதும் கிளினிக் கொப்பி. இரண்டு காலும் வீங்கியிருந்தன. செருப்பு வார் தோலுக்குள் புதைந்திருந்தது. முகமும் ஊதியிருந்தது. ஞாயிறுகளில் வேலிக்கு அப்பால் நின்றவரை நான் இவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கவில்லை.

"என்ன அண்ணை, இண்டைக்குக் கிளினிக் எல்லோ? வவுனியா பஸ் வெளிக்கிடப் போகுது."

அவர் களவு பிடிபட்டவர் போலச் சிரித்தார். "நான் போறதில்லீங்க சிஸ்டர். ரெண்டு தடவையா போகல. இது மூணாவது."

ஏன் என்று கேட்டேன். அவர் அவசரப்படாமல் சொன்னார். சாட்சி சொன்ன மறுநாளே சந்திக் கடையில் கதை தொடங்கிவிட்டதாம். வேதக்காரரின் சாமி கிட்னியைப் புதுசாக்கிவிட்டாராமே, அப்படியானால் கொப்பியைக் கட்டிக்கொண்டு எங்கே போகிறாய், மனிசி பொய் சொன்னவளோ என்று. ஊரில் இருந்து வேறு மூன்று பேரும் அதே நாளில் அதே கிளினிக்குக்குப் போகிறவர்கள். இவர் போனால் அன்று பின்னேரமே கடைக்குச் செய்தி வந்துவிடும். அதனால் வீட்டில் கிளினிக் என்றும் கடையில் கச்சான் விலை விசாரிக்கப் போகிறேன் என்றும் சொல்லிவிட்டு, இங்கே வந்து பொழுது போக்கிவிட்டுத் திரும்புகிறார்.

"லெட்சுமிக்குத் தெரியாதோ?"

"டாக்டரு மாத்திரையக் கொறச்சிட்டாருன்னு சொல்லி வச்சிருக்கேன். சிஸ்டர், அவ பொறந்ததுல இருந்து ஒரு பொய் சொன்னவ இல்ல. கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து எனக்குத் தெரியும். நான் போயி கிளினிக் வரிசையில நின்னா, எம் பொஞ்சாதி ஊருக்கு முன்னால பொய்க்காரியாயிருவா. அத நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

பிள்ளைகளே, வேதப்புத்தகத்தை நாள்தோறும் திறந்து மூடிய எனக்கு அன்றைக்குப் பாடம் எடுத்தது சந்தைக் கொட்டிலின் பின்னால் இருந்த ஒரு சைவக்காரர். விசுவாசத்தால் மருந்தை விட்டவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் விசுவாசமே இல்லாமல், மனைவியின் பெயருக்காக மருந்தை விட்டிருந்தார். விடவைத்தது என் வாய்.

எனக்கு உடனே வந்த யோசனைகள் எல்லாம் மட்டமானவை. ஒளிக்காமல் சொல்கிறேன், நீங்களும் அந்த இடத்தில் அவற்றைத்தான் யோசிப்பீர்கள். முதலில், அவரை என் ஸ்கூட்டியில் ஏற்றி வேறு ஆஸ்பத்திரிக்கு இரகசியமாகக் கொண்டுபோகலாமா என்று யோசித்தேன். அவரிடம் சொன்னேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். அடுத்ததாக எங்கள் ஆட்களுக்கு எப்போதும் கைவசம் இருப்பது.

"அண்ணை, இதிலையே ஒருக்கா ஜெபிப்பமோ?"

"வேணாம் சிஸ்டர். போன தடவ பண்ணுன செபமே இன்னும் முடியல."

இருவரும் சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டே நான் அழுதுவிட்டேன். அதைப் பார்த்துவிட்டு, பாவம், அவர் எனக்கொரு பிளேன்ரீ எடுத்துத் தந்தார். வவுனியா பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போய்விட்டது.

"சரி அண்ணை. வாற ஞாயிறு சபையிலை எழும்பிச் சொல்லுறன். பிழை என்ரை எண்டு சொல்லுறன். அதுக்குப் பிறகு போவியளோ?"

அவர் யோசித்தார். "கோயில்ல மைக்குல சொன்னாலும் அது ஒங்க ஆளுங்களுக்குச் சொன்னதுதான். அவங்க அவளப் பொய்க்காரின்னு சொல்லலியே. சொல்லுறது கடையில. கடையில சொல்லுவீங்களா?"

சபையில் சொல்வது வேறு. அங்கே தாழ்மை என்பார்கள், இரண்டு பேர் கண்ணைத் துடைப்பார்கள். கடை என்பது சந்தியில் இருக்கும் சிவம் அண்ணையின் கடை. சந்திக்குச் சந்தி எங்களைப் பகிடி பண்ணுகிறவர்களின் தலைமையகம். அங்கே போய் வேதக்காரரின் ஊழியக்காரி தான் சொல்ல வைத்தது பொய் என்று சொன்னால், பதினொரு வருடமாக அந்த ஊரில் நான் கட்டியது எல்லாம் ஒரு பிளேன்ரீ குடித்து முடிவதற்குள் போய்விடும் என்று நினைத்தேன். ஆண்டவரின் பெயர் கெட்டுவிடும் என்றும் நினைத்தேன். உண்மையில் என் பெயரைத்தான் நினைத்தேன், அதற்கு ஆண்டவரின் சட்டையைப் போட்டுவிட்டேன்.

தள்ளிப் போய் மூத்த போதகருக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிறுவரை பொறுங்கள், கலந்து பேசுவோம் என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று உள்ளுக்குள் ஏங்கினேன்.

"நானும் அண்டைக்கு முன்வரிசையிலை இருந்து அல்லேலூயா சொன்னனான்," என்றார். "என்ரை பங்கையும் சேத்துச் சொல்லிவிடுங்கோ. இண்டைக்கே சொல்லுங்கோ."

பின்னேரம் நாலு மணிக்கு ராமையா அண்ணையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சிவம் அண்ணையின் கடைக்குப் போனேன். தோட்ட வேலை முடிந்து வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். ஸ்கூட்டியை ஸ்டாண்டில் விடவே எனக்கு மூன்று தரம் எடுத்தது. நான் தேங்காய் வாங்க வந்தேன் என்று சிவம் அண்ணை நினைத்திருக்க வேண்டும், தேங்காய்க் குவியலைக் கையால் காட்டினார்.

"அண்ணை, சாமான் வாங்க வரேல்லை. ஒரு கதை சொல்ல வேணும். எல்லாரும் கேளுங்கோ."

ஒலிபெருக்கியில் அத்தனை வருடம் பேசிய நான் அன்று கடை வாசலில் நின்று வெறும் வாயால் சொன்னேன்.

"ராமையா அண்ணைக்குச் சுகம் எண்டு லெட்சுமி சபையிலை சொன்னதைக் கேட்டிருப்பியள். அவா அப்பிடிச் சொல்ல வரேல்லை. கொஞ்சம் குறைஞ்சிருக்கு எண்டு உள்ளதை உள்ளபடி சொல்லத்தான் நிண்டவா. முழுக்கச் சுகம் எண்டு சொல்லுங்கோ எண்டு சொல்லிக் குடுத்தது நான். பொய் என்ரை, அவான்ரை இல்லை. இந்த மனுசன் அதாலை ரெண்டு மாசமாக் கிளினிக்குக்குப் போகேல்லை. காலைப் பாருங்கோ."

எல்லோரும் ராமையா அண்ணையின் காலைப் பார்த்தார்கள். அவர் வெட்கப்பட்டு, மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பஸ்ஸுக்கு நின்ற இளந்தாரி ஒருவன் மட்டும், குத்தலாக இல்லை, உண்மையாகவே அறிய வேண்டும் என்பது போலக் கேட்டான்.

"அப்ப உங்கடை ஆண்டவர் சுகமாக்கேல்லையோ சிஸ்டர்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஏழெட்டு விடைகள் இருந்தன. ஒவ்வொன்றும் பிரசங்கத்தில் நன்றாக எடுபட்டவை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டன. ராமையா அண்ணையின் வீங்கிய முகத்தைப் பார்த்துக்கொண்டு அவற்றை எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

"இன்னும் இல்லை தம்பி. நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறம்."

சிவம் அண்ணை தேநீர் வடியைக் கீழே வைத்தார். எங்களை மிகக் கூடுதலாகப் பகிடி பண்ணுகிறவர் அவர்தான். "என்ரை மனிசிக்கும் இந்த வருத்தந்தான்," என்றார். "அம்மனுக்கு நேத்தி வைச்சு நாலு வருசமாகுது. எனக்கும் இன்னும் இல்லை சிஸ்டர்." பிறகு ராமையா அண்ணையைப் பார்த்து ஏசத் தொடங்கினார். "உனக்கு விசரே? நாங்கள் பகிடிக்குச் சொன்னதைக் கேட்டுச் சாகப் பாத்தியோ? விடிய அஞ்சு மணிக்கு ஓட்டோ கொண்டு வாறன். வெளிக்கிட்டு நில்லு. வவுனியா வரைக்கும் நானே கொண்டுபோறன்."

சொன்னபடி கொண்டுபோனார். அவரை வீட்டுக்கு விடாமல் வார்ட்டில் மறித்துவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் பிந்தியிருந்தால் கதை வேறு என்று டொக்டர் ஏசினாராம். நீங்கள் பதறாமல் மிச்சத்தைக் கேட்க வேண்டும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ராமையா அண்ணை அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். சுகமாகவில்லை. ஆனால் இருந்தார். இளைய மகளின் கலியாணத்தைப் பார்த்தார், பேரனைத் தோளில் வைத்துக் கச்சான் தோட்டத்துக்குப் போனார்.

கடையில் சொன்ன கையோடு, அன்று பின்னேரமே லெட்சுமியிடம் போனேன். உண்மையில் அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. கடைக்காரரின் முன்னால் மானம் போனால் போகட்டும். என்னால் ஒரு ஆத்துமா இடறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனேன். லெட்சுமி ஞானஸ்நானம் எடுத்த நாளில் இருந்து அவரின் கூடப்பிறந்த அண்ணன் அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. அண்ணன் வீட்டுப் பூப்புனித நீராட்டு, கலியாணம் ஒன்றுக்கும் லெட்சுமிக்கு அழைப்பில்லை. அவ்வளவையும் தாங்கி நின்றவரை நான் விழுத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

குசினியில் புருஷனுக்கு உப்பில்லாமல் ஒரு கறி வைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"அந்த மனுசன மட்டும் சும்மா வுட மாட்டேன் சிஸ்டர். ரெண்டு மாசமா எங்கிட்ட நடிச்சிருக்காரு." வெளியே இருந்த ராமையா அண்ணைக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க எதுக்கு இப்பிடி அழுவுறீங்க? நான் சாமிய விட்டுருவேன்னா?"

அந்தப் பயத்தில்தான் வந்தேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"எம் மூத்தவள சண்டையில மண்ணுல வச்சிட்டு ஓடியாந்தோம்ல. முகாம்ல நான் ஏன் ஏன்னு கத்திக்கிட்டே கெடந்தேன். எல்லாரும் எனக்கு ஏதாச்சும் பதில் சொன்னாங்க. ஒரு வேதக்கார அம்மா மட்டும் ஒண்ணுஞ் சொல்லாம பக்கத்துல குந்திக்கிட்டு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அவங்க போனதுக்கு அப்புறமும் யாரோ கேட்டுக்கிட்டு இருக்க மாதிரியே இருந்திச்சு. அதுக்குத்தான் நான் வந்தேன் சிஸ்டர். சொகமாக்குவாருன்னு வரல. சொகமாக்கலைன்னு எப்பிடிப் போவேன்?"

அந்தக் குசினியில் இருந்து எழும்பும்போது எனக்கு அவர் மேல் வந்த அன்பை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தேயிலைத் தோட்டம், முகாம், இறந்த பிள்ளை, முகம் கொடுக்காத அண்ணன், இப்போது தேய்ந்துகொண்டு போகும் புருஷன். இவ்வளவுக்கும் நடுவில் அவர் தன் ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் அது போதாது என்று அவர் கையில் ஒரு பொய்யைக் கொடுத்தேன். சோதனையில் நிற்கிறவர்களைத் தூக்கி நிறுத்துவது எங்கள் வேலை என்று நினைத்துக்கொண்டு ஊர்களுக்குப் போகிறீர்கள். பல வீடுகளில் அவர்கள் ஏற்கனவே நிற்கிறார்கள். நீங்கள் போய்த் தட்டிவிடாமல் இருந்தால் போதும்.

அடுத்த சாட்சி ஞாயிறு வந்தது. ராமையா அண்ணை வார்ட்டில் இருந்து வந்திருந்தார். முதலில் நான் எழும்பி, கடையில் சொன்னதைச் சபையிலும் சொன்னேன். இனி யாருடைய சாட்சியையும் முன்கூட்டிக் கேட்க மாட்டேன் என்றும் சொன்னேன். பிறகு லெட்சுமி ஒலிபெருக்கிக்கு முன் வந்து நின்றார்.

"எங்க வூட்டுக்காரருக்கு இன்னும் சொகமாகல. நான் இன்னும் செபம் பண்ணிக்கிட்டு இருக்கேன். சாமி எங்கூட இருக்காரு. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் இருந்தார். இதற்கு அல்லேலூயா சொல்வதா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பாட்டொன்றைத் தொடங்கிச் சமாளிப்போம் என்று நான் பாட்டுப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் பாய் சரசரக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு ஞாயிறும் வந்து, ஒருநாளும் வாய் திறக்காமல் போகும் ஒரு தாய் எழும்பி நின்றார்.

"என்ரை மகன் இன்னும் வரேல்லை," என்றார். "தேடிக்கொண்டுதான் இருக்கிறன். நானும் ஜெபிக்கிறன்."

அவர் திரும்பப் பாயில் இருப்பதற்குள் இன்னொருவர் எழும்பினார். சண்டையில் கால் போனவர், இரவில் இல்லாத பாதம் இன்னும் வலிக்கிறது என்றார். பதினாலு வருடமாகப் பிள்ளை இல்லாத ஒருத்தி, இன்னும் இல்லை என்றாள். குடித்துவிட்டு அடிக்கும் புருஷனின் பெயரைச் சொல்லாமல், இன்னும் மாறவில்லை என்றாள் மற்றொருத்தி. ஒருவரும் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணவில்லை. தங்கள் முறைக்காக வரிசையில் நின்றார்கள். மத்தியானம் ஒரு மணியாகியும் முடியவில்லை.

இவ்வளவு காலமும் இவர்கள் சாட்சி ஞாயிறுகளில் வந்து, மற்றவர்களின் மாட்டுக்கும் பரீட்சைக்கும் கைதட்டிவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இன்னும் நடக்காததைச் சொல்ல இங்கே இடமில்லை என்று நினைத்திருக்கிறார்கள். இடமில்லாமல் பண்ணியவள் நான். அப்படியிருந்தும் அவர்களில் ஒருவர்கூட ஒரு ஞாயிறுகூட வராமல் விடவில்லை.

பதினொரு வருடம் அந்தச் சபையில் ஊழியம் செய்திருந்தேன். என் சபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.